முத்துவிடம் மீதி எத்தனை

தை செங் தொழிற்பேட்டையில் ஆறாம் மாடி.
கீழ்த்தளத்தில் பிஸ்கட் சுடுகிறார்கள்.
அந்த வெண்ணெய் வாசனையில்தான்
நாட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு வேகிறது.

நான் வார்த்தைக் கணக்கு எழுதுகிறவள்.
ஒவ்வொன்றுக்கும் பெயர் போட வேண்டும்.
பெயரில்லாத ஒருவர்
ஆப்பிள் வாங்கினால் எவரும் நம்புவதில்லை.

திருமதி கோ ஒரு தாள் தந்திருக்கிறார்,
மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கச் சொல்லி.
மெய் லிங், அலி, முத்து, சித்தி, வெய் மிங், தேவி.
பத்துக் கணக்குக்கு இவர் இத்தனை, அவர் இத்தனை.
சின்னப் பெயர். யார் வாயிலும் உடையாத பெயர்.
"உன் பெயரைப் போட்டால்
கேள்வி அடுத்த பக்கம் போய்விடும்"
என்று முதல் நாளே சிரித்தார்.
மரகதவல்லி.
அடையாள அட்டையிலும் என் கடைசி எழுத்து
ஓரத்தில் முட்டிக்கொண்டுதான் நிற்கிறது.

பதினோரு வருடம்.
மெய் லிங் ரிப்பன் வெட்டுகிறாள், சமத் துண்டுகளாக.
அலி அஞ்சல்தலை சேர்க்கிறான்,
ஊரே கடிதம் எழுதுவதை நிறுத்திய பிறகும்.
முத்து கொடுக்கிறான்.
ஏனோ கொடுத்துக்கொண்டே இருக்கிறான்.
அலிக்கு மூன்றில் ஒரு பங்கு கோலி,
தேவிக்கு மீதியில் பாதி,
போதாததற்கு வழியில் இரண்டு தொலைந்தும் போகும்.

புத்தகம் வெளிநாட்டுக்குப் போகும் மாதங்களில்
எனக்கு வேறு வேலை.
தேடு. மாற்று.
மணிலாவுக்கு முத்து ஹுவான் ஆவான்,
ரம்புத்தான் மாம்பழமாகும்.
டப்ளினுக்குப் பேட்ரிக். வார்சாவுக்கு யான்.
லிமாவுக்கு என்ன போடுவதென்று தெரியாமல்
கீழே இறங்கி ஒரு கோப்பி ஓ குடித்துவிட்டு வந்து
ஹோசே என்று தட்டினேன்.
ஒரே பொத்தானில் முந்நூறு முத்துகள்
கடவுச்சீட்டு இல்லாமல் குடிபெயர்வார்கள்.
ஒருமுறை அலியை ஷான் ஆக்கப்போய்
ஆங்கில எழுத்துகளில்
ஆஸ்திரேலியாவுக்குள் ஒளிந்திருந்த அலியும் மாட்டிக்கொண்டான்.
ஆஸ்திரஷானா என்றொரு கண்டம் அச்சேறியது.
யாரும் புகார் செய்யவில்லை.
எந்த ஊரிலும் கோலி அதே கோலி.
மீதியும் அதே மீதி.

போன மாதம் யீஷூனிலிருந்து ஒரு கடிதம்.
பென்சில் எழுத்து. தொடக்கநிலை நான்கு.

"நான் முத்து. முழுப் பெயர் முத்துவேலன்.
எங்கள் வகுப்பில் அலி இல்லை, அலிஃப்தான் இருக்கிறான்.
மெய் லிங் இல்லை, குளோயி இரண்டு பேர்.
முத்து மட்டும் உண்மையாக இருக்கிறேன்.
கணக்கு வாசிக்கும்போது எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.
இன்றைக்கு எத்தனை தொலைத்தாய் என்கிறார்கள்.
நான் கோலியைக் கண்ணால் கண்டதில்லை.
எனக்கு எப்போதாவது யாராவது கொடுப்பார்களா?"

அதற்குக் கீழே 'விடை' என்று எழுதி
ஒரு கோடு இழுத்திருந்தான்,
நாங்கள் பழக்கியபடியே.

அன்று மாலை எழுதினேன்:
முத்துவிடம் இருபத்து நான்கு கோலிகள்.
அவன் யாருக்கும் கொடுக்கவில்லை.
மெய் லிங் அவனுக்கு ஆறு தந்தாள்.
இப்போது எத்தனை?

திருமதி கோ சிவப்பு மையில்:
இது ஒன்றாம் வகுப்புக் கணக்கு.
நான்காம் வகுப்புக்கு இரண்டு படியாவது வேண்டும்.

சரி என்றேன். இரண்டாம் படியில்
அலியிடமிருந்த கோலிகளில் பாதியையும்
முத்துவின் பைக்கே அனுப்பிவிட்டேன்.
அச்சுக்குப் போய்விட்டது.
வரும் ஜனவரியில் மணிலாவில்
கடிதமே போடாத ஹுவானுக்கும் பை நிறையும்.
பேட்ரிக்குக்கும். யானுக்கும்.

பையனுக்குத்தான் இன்னும் பதில் போகவில்லை.
உறையில் பெயர் எழுதியாகிவிட்டது,
முழுப் பெயர், ஓரத்தில் நிறைய இடம் விட்டு.
அஞ்சல்தலைக்கு
அலியைத்தான் கேட்க வேண்டும்.